தமயந்தி டீச்சருக்குப் போட்ட மைக் செட்

இப்படி வந்து சன்னலோரம் உக்காந்துக்குங்க தம்பி, நான் இந்தக் கடைசிக்கு வந்துக்கறேன். அட, காத்துக்காக இல்லீங்க. வலது பக்கம் இருந்து ஆரு பேசுனாலும் பஸ்சு இரைச்சல் அதை அப்படியே அடிச்சுக்கிட்டுப் போயிருது. இடது பக்கம்னா தேவலை. எல்லா பஸ்சுலயும் இப்படித்தானுங்க, நானும் பாத்துட்டேன்.

காதுல மாட்டியிருந்ததைக் கழட்டி வெச்சீங்களே, அதுக்கே உங்களைப் பாராட்டோணும். இந்தக் காலத்துப் புள்ளைங்க அதைச் செருகிச் செருகியே காதைக் கெடுத்துக்குதுங்க. அப்பறம் ஆரு என்ன சொன்னாலும் 'என்ன, என்ன'ன்னு கேட்டுக்கிட்டுத் திரிய வேண்டியதுதான்... என்ன சொன்னீங்க? கொஞ்சம் சத்தமா. ஆ, கோயமுத்தூருக்குத்தானுங்க. ஆஸ்பத்திரிக்கு.

அதா, முன்னால பாருங்க, பொம்பளைங்க சீட்டுல, கத்திரிப்பூக் கலர் சேலை. அவியதான் தமயந்தி டீச்சர். என்ற ஊட்டுக்காரி. ஏறும்போது ஒண்ணா ஏறிட்டுத் தனித்தனியா உக்காந்திருக்கறாங்களேன்னு பாக்கறீங்களா? சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. டாக்டர் உத்தரவு. பஸ்சுக்குள்ள பேசவே கூடாதாம். இரைச்சலுக்கு மேல குரலை ஏத்துனா தொண்டை போயிருமாம். பக்கத்துல உக்காந்தா நான் பேச்சுக் குடுப்பேன். கேள்வி கேட்டா பதில் சொல்லாம இருக்க அவளால ஆகாது, வாத்தியார் புத்தி. அதனால அவளே தள்ளிப் போய் உக்காந்துக்கிட்டா.

நான் ஆருன்னு சொல்லலையே. சென்னியப்பன். மூலனூர்ப் பக்கம் போய் 'சென்னியப்பன் சவுண்ட் சர்வீஸ்'னு கேட்டுப் பாருங்க. கும்பாபிசேகம், கல்யாணம், கட்சிக் கூட்டம், எதுன்னாலும் நம்ம செட்டுதான். குழா ஸ்பீக்கரைப் பனைமரத்துல ஏத்திக் கட்டி, காத்தும் ஒத்து வந்துச்சுன்னா, ஆத்துக்கு அக்கட்ட தூங்கறவங்க எந்திரிச்சு உக்காந்துக்குவாங்க. காதுகுத்துக்கு நம்ம செட்டைப் போட்டா குழந்தை அழுகறதே வெளிய கேக்காதுன்னு ஒரு பேரு உண்டு. நான் சின்ன வயசுல இருந்தே ஸ்பீக்கருக்குப் பக்கத்துல படுத்துத் தூங்குனவன். இந்தக் காதுக்குத் தெரியாத சத்தம் கெடையாதுங்க.

அவ எங்க ஊரு நடுநிலைப் பள்ளிக்கூடத்துல அறிவியல் டீச்சர். எட்டாம் வகுப்புன்னா அவளுக்கு உசுரு. கண்ணாலம் ஆன புதுசுல அவ குரலு ரொம்ப மெல்லீசுங்க. பேசறாளா, மூச்சு விடறாளான்னே தெரியாது. வருசம் போகப் போகத்தான் கணீருன்னு ஆச்சு. எல்லாம் வாத்தியார் வேலை குடுத்த சத்து. 'ஏனுங்க, காப்பி ஆறுது'ன்னு அவ என்னைக் கூப்பிட்டா எதுத்த ஊட்டு நஞ்சப்பன் எந்திரிச்சு வருவாரு. எங்க ஊட்டுல இன்னிக்கு என்ன கொழம்புன்னு வீதிக்கே தெரியும். மக சுகன்யாவை ஓசூருல குடுத்திருக்குது. அதுக்கும் அம்மா குரல்தான். போன்ல எங்கிட்ட பேசுனா நாலு வார்த்தைக்குள்ள கத்த ஆரம்பிச்சுரும். அவங்கம்மா ஊட்டுப் பக்கம் எல்லாருமே அப்படித்தான். எங்கிட்ட வந்து ஒருத்தரும் மெதுவாப் பேசி நான் பாத்ததில்லை.

அப்படிப்பட்ட குரலு, இந்தப் பொங்கல் லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் போனவளுக்கு, எட்டாம் வகுப்புல நின்னு பேசிக்கிட்டு இருக்கறப்பவே அடைச்சுப்போச்சுங்க. வாய் அசையுது, சத்தம் வல்ல. புள்ளைங்க மொதல்ல சிரிச்சுதுங்களாம். டீச்சர் விளையாட்டுக் காட்டறாங்கன்னு நெனைச்சுதுங்க. அப்பறம் ஒரு பொண்ணு எந்திரிச்சுத் தண்ணி பாட்டலைக் கொண்டாந்து நீட்டவும்தான் மத்ததுங்களுக்குப் புரிஞ்சிருக்குது.

அந்த வகுப்பை நீங்க பாக்கோணுமே. மேல சிமெண்டு சீட்டு. ரோட்டோரம் சன்னல், மணல் லாரி போனா மேசை ஆடும். ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் நடுவுல ஆள் ஒசரத்துக்கு ஒரு மறைப்பு, அவ்வளவுதான். ஏழாம் வகுப்புல வாய்ப்பாடு சொல்லுவாங்க, எட்டாம் வகுப்புல இவ அதுக்கு மேல கத்தோணும். இவ கத்துனா அந்த வாத்தியார் இன்னும் எச்சாக் கத்துவாரு. ஃபேன் வேற கடகடன்னு. இதுல காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னா தொண்டை என்னத்துக்கு ஆகும்? நான் அப்பவே சொன்னேன், காரணம் முழுக்க பள்ளிக்கூடந்தான்னு.

சித்தரத்தையைப் பொடி பண்ணித் தேன்ல குழைச்சுக் குடுத்துப் பாத்தோம். பால்ல மெளகும் பனங்கற்கண்டும் போட்டுக் குடிச்சா. ஒண்ணும் கேக்கல. அப்பறந்தான் கோயமுத்தூரு டாக்டரம்மா. தங்கமான மனுசி. ஒரே கொறை, வாய்க்குள்ளயே பேசறாங்க. மூக்கு வழியாக் கேமராவை விட்டு டிவியில காட்டுனாங்க. தொண்டைக்குள்ள ரெண்டு நாண் இருக்குதுங்களாம். ரெண்டுலயும் சின்னதா, எதுருக்கு எதுரா, காப்பு. மம்முட்டி புடிச்சு மண்ணு வெட்டற கையில காய்க்குமில்லீங்களா, அந்தக் காப்பேதான். "இப்ப ஆப்ரேசன் வேண்டாம். கொஞ்ச நாளு வாயே தெறக்காம இருங்க. அப்பறம் மெதுவாப் பேசிப் பழகுங்க, தன்னால கரையும். மறுபடியும் கத்துனீங்கன்னா ஆப்ரேசன்தான். அதுக்கப்பறம் பழைய குரல் வரும்னு என்னால உறுதி சொல்ல முடியாது"ன்னுட்டாங்க.

தமயந்தி ஒரே ஒரு கேள்விதான் தாளுல எழுதிக் காட்டுனா. 'நான் வகுப்பு எடுக்கலாமா?'ன்னு.

ஏன்னு கேளுங்க. பள்ளிக்கூடத்துத் தாளாளர் ஏற்கெனவே வாயை விட்டிருந்தாரு. குரல் இல்லாத டீச்சர் வகுப்புல நின்னு என்ன பண்றது, ஆபீசுல உக்காந்து பதிவேடு பாக்கட்டும்னு. அவ அன்னிக்கு ராத்திரி சோறு திங்கல. பாடம் நடத்தாத நாளு அவளுக்கு நாளே இல்லீங்க. ஞாயித்துக்கிழமை ஆனா எனக்கு ஒளிச்சேர்க்கை நடத்துவா.

டாக்டரம்மா சொன்னாங்க, "எடுக்கலாம். ஆனா மைக் வெச்சுக்கோணும்."

மைக்! எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாருங்க தம்பி. ஊருக்கெல்லாம் மைக்கு போட்டவன் பொண்டாட்டிக்கு மைக்கு போடறதுக்கு டாக்டரே எழுதிக் குடுக்கறாங்க. நான் அங்கயே எந்திரிச்சுட்டேன்.

"உக்காருங்க"ன்னாங்க. அப்பறம் என்னமோ கேட்டாங்க. மறுபடி கேட்டாங்க. "ஊட்டுல ஆருகிட்டயாவது சத்தமாப் பேச வேண்டியிருக்குதா? காது மந்தமானவங்க ஆராச்சும்?" நான் சொன்னேன், "இல்லீங்கம்மா, நாங்க ரெண்டே பேரு. ஊடு அமைதியா இருக்கும்." டாக்டரம்மா தமயந்தியைப் பாத்தாங்க. தமயந்தி ஃபேனைப் பாத்தா. "அப்ப நீங்களும் பக்கத்து ரூமுல ஒரு டெஸ்ட் எடுத்துக்கறீங்களா?"ன்னு எங்கிட்ட கேக்கறாங்க! ஆஸ்பத்திரின்னா அப்படித்தானுங்க, தொணைக்கு வந்தவனையும் விடமாட்டாங்க. நான் சிரிச்சுட்டு வந்துட்டேன்.

அவ வாயைக் கட்டிக்கிட்டு இருந்த நாளெல்லாம் ஊடு ஊடாவே இல்லீங்க. என்னைக் கூப்பிடோணும்னா கரண்டியால தட்டுவா. சிரிச்சாலும் சத்தமில்லை, திட்டுனாலும் சத்தமில்லை. திட்டறதாவது கையை ஆட்டறதுல தெரிஞ்சுது. வாழ்நாள் பூரா சத்தத்துலயே பொழைச்சவன் நான், எனக்குப் பயமாப் போச்சுங்க. இனிமேல் இப்படியேதானான்னு. ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிப் பக்கம் போய் ஒருக்கா அழுதேன், பொய் சொல்லல.

பொறகு டாக்டரம்மா மெதுவாப் பேசலாம்னாங்க. அவ பேச ஆரம்பிச்சுட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு வாய் அசையறதுதான் தெரிஞ்சுது. "இன்னும் சரியாகலையே நஞ்சப்பா"ன்னு பொலம்புனேன். "நல்லாத்தானே சென்னியா பேசுது, புறா மாதிரி"ங்கறாரு. அவருக்கு எப்பவுமே ஆறுதல் சொல்ற குணம்.

சரி, மைக்குக்கு வாரேன். வகுப்புக்குப் போற மொத நாளு. நான் முந்தின நாளே போய் வேலையை முடிச்சுட்டேன். வகுப்புக்குள்ள ரெண்டு பெரிய பெட்டி. வெளிய வேப்பமரத்துல ஒரு குழா. என்னத்துக்குக் குழான்னு கேப்பீங்க. மரம் இருக்குதே, சும்மா விடறதா? அதுவுமில்லாம ஸ்டாண்டு வெச்ச மைக்கு, அதுக்குச் சிவப்புத் துணி உறை. கண்ணாலத்துக்கு மட்டுந்தான் அந்த உறையை எடுப்பேன்.

எங்க தொழில்ல ஒரு மொறை இருக்குதுங்க. செட்டைப் போட்டா மொதல்ல சாமி பாட்டு. சாமி பாட்டு இல்லாம நாங்க எந்த நல்ல காரியத்தையும் தொடங்கறதில்லை. மணி அடிச்சதும் போட்டேன். பாட்டு முடிஞ்சுது. நானே மைக்கைப் புடிச்சேன். "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே! இப்பொழுது நமது தமயந்தி டீச்சர் அவர்கள் செரிமான மண்டலம் பற்றிப் பாடம் நடத்துவார்கள். அனைவரும் அமைதி காக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அவ மொகத்தைப் பாத்தேன். செவந்து கெடந்துச்சு. பெருமையில அப்படி ஆகும்.

மெதுவாத்தான் பேசுனாங்க டீச்சர். ஆனா ஊரே சிறுகுடல் எத்தனை நீளம்னு தெரிஞ்சுக்கிச்சு! கொளத்துல நூறு நாள் வேலை செஞ்சுக்கிட்டு இருந்த பொம்பளைங்க மம்முட்டியைப் போட்டுட்டுக் கேட்டாங்களாம். ஒரு அம்மா, கோயில்ல என்னமோ விசேசம்னு நெனைச்சுப் பூத்தட்டோட பள்ளிக்கூட வாசலுக்கே வந்துட்டாங்க. டீக்கடைக்காரரு பொறகு டீச்சரை நிறுத்தி, "இரைப்பையில அமிலம் சுரக்குதுன்னீங்களே, எனக்கும் அதேதாங்க, அதுக்கு என்ன மாத்திரை?"ன்னு கேட்டாரு. சொல்லுங்க, எந்த டீச்சர் பாடம் இத்தனை பேருக்குப் போய்ச் சேந்திருக்குது?

அதுக்குள்ள ஹெட்மாஸ்டர் தலைக்கு மேல கையைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாரு. கும்பிடறாருன்னு நெனைச்சு நானும் கும்பிட்டேன். கும்பிடலீங்க, அவரு. ஒரே வரியில சொல்லிட்டாரு, சாயங்காலத்துக்குள்ள மரத்துல இருக்கறது எறங்கோணும்னு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா தாளாளர் சொன்ன மாதிரி ஆபீசு வேலைதான்னு தமயந்திகிட்டயும் சொல்லிட்டாரு. எல்லாரும் மிச்சம் இருக்கற பாடத்தை வேணும்னாக் குசுகுசுன்னு நடத்திப் பாக்கட்டும்! எனக்குக் கோவம் வந்துருச்சு.

எனக்கு மேல அவளுக்கு. அன்னிக்குச் சாயங்காலம் என்னை வகுப்புக்குள்ள கூப்பிட்டு நிக்க வெச்சா. வாயால திட்ட முடியாது பாருங்க, சாக்பீசை எடுத்துக் கரும்பலகையில எழுதுனா. 'சத்தம் வேண்டாம். எட்டினால் போதும்.' எழுதிட்டு அடிக்கோடு வேற போட்டா. எட்டாம் வகுப்புப் பையன் மாதிரி நின்னு படிச்சேன்.

அடுத்த நாளு அவளே புள்ளைங்களை அவங்கவங்க எடத்துல உக்கார வெச்சு, மெதுவா ஒரு பக்கத்தை வாசிச்சிருக்கறா. ஆருக்கெல்லாம் கேக்கலையோ அவங்க கை தூக்கோணும். கடைசி ரெண்டு வரிசை, அப்பறம் அந்த மறைப்போரம் உக்காந்ததுங்க. அங்கங்க சாக்பீசுல ஒரு குறி. "இந்த எடத்துல சின்னச் சின்னதா நாலு டப்பா மாட்டுங்க. எனக்குச் சட்டையோரம் குத்தற மாதிரி ஒரு குட்டி மைக்கு. முன்னால இருக்கற புள்ளைக்குக் கேக்கற அளவுதான் பின்னால இருக்கறதுக்கும் கேக்கோணும். அதுக்கு மேல ஒரு துளி வேண்டாம்." போனை நடுவுல வெச்சு இதை அவ சுகன்யாகிட்ட மெதுவாச் சொல்லச் சொல்ல, சுகன்யா எனக்குக் கத்திச் சொல்லுச்சு.

தம்பி, எங்கிட்ட இருக்கற சாமானுக்கு முன்னால அது தீப்பெட்டிங்க. வெளிய சொன்னா மானம் போயிரும். ஆனா அவ தொண்டையாச்சே. மாட்டுனேன்.

மாட்டிட்டு நானே கடைசி பெஞ்சுல உக்காந்தேன், சோதனை பாக்க. முட்டி மேசையில இடிக்குது. டீச்சர் பேசறா. எனக்கு ஒண்ணுமே விழல. செட்டே ஓடலைன்னு நெனைச்சேன். "கேக்கல!"ன்னு சத்தம் போட்டேன். டீச்சர் புள்ளைங்களைப் பாத்து, "ஆருக்கெல்லாம் கேக்குது?"ன்னு கேட்டிருக்கறா. அத்தனை கையும் மேல போச்சு. எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்ததும் தூக்குது!

டீச்சருக்குப் பயந்துக்கிட்டுப் பொய் சொல்லுதுங்க. வேற என்ன? நான் எந்திரிச்சுப் போய் வால்யூமை ஏத்துனேன். கைகளெல்லாம் கீழ எறங்கிக் காதுக்குப் போச்சு. அவ வந்து எறக்குனா. நான் ஏத்துனேன். புள்ளைங்க ஏதோ வேடிக்கை பாக்கற மாதிரி ஒருக்கா என்னைப் பாக்குது, ஒருக்கா அவளைப் பாக்குது. கடைசியில அவ மேசை டிராயரைத் தெறந்து, அடிபட்ட புள்ளைங்களுக்குப் போடற பிளாஸ்திரியை எடுத்து, அந்தத் திருகு மேல குறுக்கும் நெடுக்குமா ஒட்டிப்போட்டா. தொழில்காரன் கண்ணு முன்னால! இன்னிக்கும் அந்தப் பிளாஸ்திரி அப்படியே இருக்குது. என் தொழிலுக்கு நேந்த அவமானத்துல அதுதான் பெருசு.

ஆனா நடந்ததைச் சொல்லிரோணும். வகுப்பு நல்லாப் போச்சுங்க. அவ மெதுவாப் பேசப் பேச, புள்ளைங்களும் மெதுவாப் பேசப் பழகிருச்சுங்க. இவ கத்தாததுனால அந்தப் பக்கம் ஏழாம் வகுப்பு வாத்தியாரும் கத்தறதை விட்டுட்டாரு. அவரே ஒரு நாள் வந்து, எனக்கும் ஒண்ணு மாட்டிக் குடுங்கன்னாரு. ஹெட்மாஸ்டர் அதுக்கப்பறம் ஆபீசு வேலைங்கற பேச்சையே எடுக்கல. பங்குனியில டாக்டரம்மாகிட்ட போனப்ப, காப்பு பாதி கரைஞ்சிருக்குதுன்னாங்க. தமயந்தி கண்ணுல தண்ணி. பரீட்சை முடிஞ்சு லீவும் வந்துருச்சு. வகுப்பே இல்லை, ரெஸ்ட்டு. மீதிப் பாதியும் லீவுலயே கரைஞ்சிரும்னு நான் கணக்குப் போட்டேன்.

லீவுல மோசமாப் போச்சுங்க!

எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. பள்ளிக்கூடம் கெடையாது, புள்ளைங்க கெடையாது, ஊட்டுல நானும் அவளும்தான். நாள் பூரா எங்கூடத்தான் பேசிக்கிட்டு இருந்தா. பத்தே நாள்ல குரலு மறுபடி கரகரன்னு ஆயிருச்சு. கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுக் காரணம் தேடுனேன். மாம்பழமோன்னு மாம்பழத்தை நிறுத்துனேன். பானைத் தண்ணி ஆகலையோன்னு வெந்நி வெச்சுக் குடுத்தேன். சுகன்யாகிட்ட போன் பேசறதைக் கொறைன்னேன். ஒண்ணும் நிக்கல. நான் பக்கத்துலயே இருந்து எத்தனை பாத்துக்கிட்டனோ அத்தனை மோசமாச்சுங்க.

டாக்டரம்மா கேமராவை விட்டுப் பாத்துட்டு, "வகுப்பு நடந்தப்ப நல்லா இருந்துச்சு. லீவுல மறுபடி தடிச்சிருக்குது. லீவுல ஆருகிட்ட இப்படிக் கத்துனீங்க?"ன்னாங்க. தமயந்தி சேலை முந்தானையைச் சுருட்டிக்கிட்டே இருந்தா. நான்தான் மாம்பழம், வெந்நி எல்லாத்தையும் எடுத்துச் சொன்னேன். டாக்டரம்மா என்ற மொகத்துக்கு நேரா உக்காந்து, ஒவ்வொரு வார்த்தையா, "அடுத்த தடவை நீங்களும் டெஸ்டுக்கு வாங்க"ன்னாங்க. விடமாட்டேங்கறாங்களேன்னு இருந்துச்சு. முடியாதுங்கம்மா, சீசன் நேரம், கோயில் நோம்பியெல்லாம் இருக்குதுன்னேன்.

ஊருக்கு வந்ததும் அவ ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டு, வகுப்புல இருந்த அந்தக் குட்டி மைக்கையும் ஒரு டப்பாவையும் ஊட்டுக்கே கொண்டாந்துட்டா. டப்பா என்ற நாக்காலிக்குப் பக்கத்துல. மைக்கு அவ சேலையில. சமையக்கட்டுல நின்னுக்கிட்டுச் சாவகாசமாக் கேப்பா, "ஏனுங்க, ரசத்துக்கு அப்பளம் பொரிக்கட்டுமா?"ன்னு. டப்பா எங்கிட்ட சொல்லும். பாத்தீங்களா, நம்ம செட்டு மேல எத்தனை ஆசைன்னு! ஊட்டுலயும் அதை விட்டுப் பிரிய மனசில்லை அவளுக்கு. தீப்பெட்டின்னாலும் நான் போட்டதாச்சே. நஞ்சப்பன் வந்து, "என்ன சென்னியா, உன்ற ஊட்டுச் சமாச்சாரம் ஒண்ணும் இப்பக் காதுல விழறதில்லையே"ன்னு வருத்தப்பட்டாரு.

அந்த டப்பா வழியா அவ என்னென்னவோ பேசுனாளுங்க தம்பி. அப்பளம், ரசம் மட்டுமில்லை. வகுப்புல எந்தப் புள்ளை என்ன கேட்டுச்சு, அவங்கம்மா சாகறதுக்கு முந்தி என்ன சொன்னாங்க, இதெல்லாம். முன்னயே ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "இதையெல்லாம் கத்திச் சொல்ல முடியுமாங்க?"ன்னா. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. காப்பி, தண்ணி, சாவி, கரண்டு பில்லு. இத்தனை வருசமா எங்கிட்ட வந்து சேந்ததெல்லாம் இதுதான்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

போன வாரம் ஒரு சாயங்காலம். நான் ஒரு ஆம்பிளிஃபயரைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கறேன். அவ வந்து எதுத்தாப்பல உக்காந்தா. மைக்கு சேலையிலதான் இருக்குது.

"ஏனுங்க, அடுத்த வாரம் பள்ளிக்கூடம் தொறக்கறாங்க. இது வகுப்புச் சாமான். திருப்பிக் கொண்டுபோய் மாட்டோணும்"னா.

"மாட்டிப்போடலாம் அம்மிணி"ன்னேன்.

"மாட்டிட்டா அப்பறம் உங்ககிட்ட நான் எப்படிப் பேசறது?"

எனக்கு உடனே மூளை வேலை செஞ்சுதுங்க. "இதென்ன பெரிய விசயம்! ஊட்டுக்கு ஒரு செட்டுப் போட்டுட்டாப் போச்சு. சமையக்கட்டுல ஒண்ணு, பொடக்காளியில ஒண்ணு, வாசல்ல வேணும்னா ஒரு சின்னக் குழா..."

அவ சிரிச்சா. சிரிக்கறதும் அந்த டப்பாவுல கேட்டுச்சு. சிரிச்சுக்கிட்டே இருந்தவ கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. "செட்டு வேண்டாங்க. புள்ளைங்களுக்குக் குடுத்தது போக எனக்கு மிச்சம் இருக்கறது கொஞ்சூண்டு குரல். அதை உங்ககிட்ட கத்தியே தீத்துப்போட எனக்கு மனசு வல்ல. உங்ககிட்ட மெதுவாப் பேசோணும்னு இருக்குது. ஒரே ஒருக்கா டாக்டரம்மாகிட்ட வாங்க"ன்னா.

அதுக்குத்தானுங்க இப்பப் போறோம். எனக்குத்தான் டெஸ்ட்டு. எனக்குக் காதுல ஒண்ணும் இல்லைங்கறது வேற விசயம். பல்லடத்துல இருந்து உங்ககிட்ட பேசிக்கிட்டு வாரேன், நீங்க சொன்னதுல ஒரு வார்த்தையாவது எனக்குக் கேக்காமப் போச்சுங்களா? என்ன? நீங்க ஒண்ணுமே பேசலையா? அதுவும் சரிதான். அவகிட்டயும் சொல்லிட்டேன், டெஸ்ட்டோட சரி, காதுல மெசினெல்லாம் மாட்டமாட்டேன், ஊருக்குச் சத்தம் குடுக்கறவன் காதுல மெசின் இருந்தா ஆரு செட்டுக்குச் சொல்லுவாங்கன்னு. அவ சரின்னு தலையை ஆட்டுனா. அவ அப்படிச் சரின்னு ஆட்டறது எனக்கு நல்லாத் தெரியும். பிளாஸ்திரி ஒட்டறதுக்கு முந்தியும் அப்படித்தான் ஆட்டுனா.

மாட்டேன்னு சொல்லியிருக்கலாங்க. சொல்ல வாய் வல்ல. இத்தனை வருசத்துல அவ எங்கிட்ட மெதுவாக் கேட்டது அது ஒண்ணுதான்.

சிங்காநல்லூரு வந்துருச்சுங்களா? அதா, திரும்பிப் பாக்கறா. வாய் அசையுது. எறங்கச் சொல்றாளா, உக்காரச் சொல்றாளா, வேற என்னமோ சொல்றாளான்னு தெரியல. நீங்க கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க தம்பி. இன்னொருக்கா சொல்லுன்னு அவளை நான் கேக்கமாட்டேன்.